வயல் வளவாகும்போது வெள்ளம் எங்கே போகும்?

கொழும்புப் பெருநகரின் விரிவு வன்னி விவசாயிக்குத் தரும் பாடம்



விசுவமடுவில் ஒரு குடும்பத்தினர் அண்மையில் எம்மிடம் ஒரு கேள்வியுடன் வந்தனர். 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்து, 2009 இல் இங்கிருந்தும் இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பியவர்கள். பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரம் அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் வயல் உண்டு. அதை வாங்கிக் கிரவல் நிரப்பிக் கடைத்தொகுதி கட்ட ஒருவர் விலை பேசியிருக்கிறார். வீட்டில் நுண்கடன் இருக்கிறது. மகளின் படிப்புச் செலவும் இருக்கிறது. "சுவாமி, இந்த வயலை வித்தால் பிழையோ?" என்று அந்தத் தாய் கேட்டார்.

இலேசாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வியன்று. கடன்காரர் வாசலில் நிற்கும்போது 'காணியை விற்காதே' என்று அறிவுரை கூறுவது எளிது. ஆயினும், வீதியோர வயல் வளவானால் என்ன நடக்கும் என்பதை அறிந்த பின் முடிவெடுப்பது நல்லது. அதை எமக்கு முன்னரே பட்டு அறிந்த ஓர் ஊர் எமது நாட்டிலேயே உண்டு. அது கொழும்பு. ஆகவே இவ்விதழில் கொழும்பு எப்படி விரிந்தது, அதனால் நிலமும் நீரும் என்னவாயின என்பதைப் படிப்போம்.

நகரம் விரிவது எப்படி?

நகரம் வளர்கிறது என்றால் நகருக்குள் சனத்தொகை கூடுகிறது என்றே நினைக்கிறோம். கொழும்பில் நடந்தது வேறு. 1981 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாநகர எல்லைக்குள் 5 இலட்சத்து 87 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2012 இல் அது 5 இலட்சத்து 61 ஆயிரமாகக் குறைந்திருந்தது. ஆனால் அதே காலத்தில் கொழும்பு மாவட்டம் 17 இலட்சத்திலிருந்து 23 இலட்சமாகவும், பக்கத்திலுள்ள கம்பஹா மாவட்டம் 14 இலட்சத்திலிருந்து 23 இலட்சமாகவும் பெருகின. அதாவது நகரம் தன் எல்லையைத் தாண்டி மகரகம, கடுவெல, ஹோமாகம, கெஸ்பேவ, வத்தளை என்று அக்கம்பக்கத்துக் கிராமங்களின் மேல் படர்ந்தது. இலங்கையின் நிலப்பரப்பில் 6 வீதம்கூட இல்லாத மேல் மாகாணத்தில் 2012 இல் நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 29 வீதமானோர் வாழ்ந்தனர்.

இவ்வளவு பேருக்கும் வீடு கட்டக் காணி எங்கிருந்து வந்தது? மேட்டில் இருந்த தென்னந்தோட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் இருந்து முதலில் வந்தது. ஏக்கர் கணக்கில் இருந்த தோட்டங்கள் 'பேர்ச்' கணக்கில் துண்டு துண்டாக விற்கப்பட்டன. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். எமது பரப்புக் கணக்கில் சொன்னால் ஒரு பரப்புக்கு 10 பேர்ச். தென்னந்தோட்டக்காரர் ஏக்கர் விலைக்கு விற்றதை, இடையில் நின்றவர் வெட்டிப் பிரித்துப் பேர்ச் விலைக்கு விற்றார். மேட்டுநிலம் விலை ஏறியதும் அடுத்து மலிவாகக் கிடைத்தவை தாழ்நிலங்கள். வயல்களும் சதுப்பு நிலங்களுமே அவை.

இதற்கு அரசின் கொள்கையும் வழி திறந்தது. கொழும்பு மாவட்டத்துத் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென 1968 இல் ஒரு தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபையும், அதே ஆண்டில் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயமும் வந்தன. 1982 இல் கோட்டேயில் தியவன்னா நீர்நிலையின் நடுவே புதிய பாராளுமன்றம் திறக்கப்பட்டது. அதைச் சுற்றியிருந்த சதுப்பு நிலங்களும் வயல்களும் படிப்படியாகக் குடியிருப்புகளாயின.

சதுப்பு நிலம் சும்மா கிடந்ததா?

தாழ்ந்த நிலம், சேறு, பாசி, நுளம்பு. பார்ப்பவருக்குப் பயனற்ற நிலம் போலத் தோன்றும். ஆனால் அது ஒரு வேலை செய்துகொண்டிருந்தது.

மலைநாட்டில் தோன்றும் களனி கங்கை ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிக் கொழும்புக்கு வடக்கே கடலில் விழுகிறது. மலையில் பெருமழை பெய்தால் ஆறு பெருகும். ஆறு பெருகி நிற்கும்போது கொழும்பில் பெய்யும் மழைநீர் ஆற்றுக்குள் வடிய முடியாது. அந்த நீர் ஆறு இறங்கும்வரை எங்காவது காத்திருக்க வேண்டும். கொலன்னாவை, கோட்டே, ஹீன் எல என்ற பகுதிகளின் சதுப்பு நிலங்களும் வயல்களுமே அது காத்திருந்த இடங்கள். எமது குளம் மாரி நீரைத் தாங்குவது போல அவை வெள்ளத்தைத் தாங்கி மெதுவாக விட்டன.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளத்தின் கொள்ளளவை நாம் ஏக்கர் அடியில் சொல்வது வழக்கம். ஓர் ஏக்கர் வயலில் ஓர் அடி உயரத்துக்கு நீர் நின்றால் அது ஓர் ஏக்கர் அடி, அதாவது ஏறத்தாழ 12 இலட்சம் லீற்றர். 10,000 லீற்றர் பவுசரில் ஏற்றினால் 120 பவுசருக்கு மேல் வரும். அந்த ஓர் ஏக்கரை மூன்றடி உயரத்துக்குக் கிரவலால் நிரப்பினால் ஏறத்தாழ 1,300 கியூப் மண் வேண்டும். மூன்று கியூப் ஏற்றும் டிப்பரில் 430 லோட்டுக்கு மேல். இதனால் இரண்டு இடங்கள் கெடுகின்றன. நிரப்பிய இடத்தில் நின்ற நீர் அயலவரிடம் போகிறது. மண் எடுத்த இடத்தில் கிடங்கு மிஞ்சுகிறது.

ஒரு வயல்வெளி மறையும் விதம்

வயல்வெளி ஒரே நாளில் மறைவதில்லை. கொழும்பின் சுற்றயலில் அது பெரும்பாலும் இந்த ஒழுங்கிலேயே நடந்தது.

முதலாவதாக, வயல் இலாபம் தராமற் போனது. அங்குள்ள வயல்கள் சிறியவை. வடிகால் குறைந்தவை. கூலி கூடியது. பிள்ளைகள் நகரத்தில் வேலைக்குப் போயினர். வயல் தரிசாயிற்று.

இரண்டாவதாக, தரிசு வயலில் புல்லும் பற்றையும் மூடின. எலியும் பூச்சியும் அங்கிருந்து பக்கத்து வயலுக்குப் போயின. வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் வரவில்லை. பக்கத்து வயற்காரரும் சலித்துப்போனார்.

மூன்றாவதாக, வீதியோரத்தில் ஒருவர் தமது துண்டை நிரப்பி மதில் கட்டினார். அவருக்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் அவரது மதில் வாய்க்காலை மறித்தது.

நான்காவதாக, மதிலுக்கு மேற்புறத்து வயல்களில் நீர் வடியாமல் நின்றது. பயிர் அழுகியது. அந்த வயற்காரர்களும் விற்கத் தொடங்கினர். இப்போது அது 'வெள்ளக் காணி'. ஆகவே மலிவு விலை.

ஐந்தாவதாக, அந்த மலிவுக் காணிகளை வாங்கக்கூடியவர்கள் ஏழைகளே. அவர்கள் சிறு வீடு கட்டிக் குடியேறினர். மழை பெய்தால் முதலில் நீர் புகுந்தது அந்த வீடுகளுக்குள்தான்.

முதலில் விற்றவருக்கு விலை கிடைத்தது. கடைசியில் விற்றவருக்கும், அவரிடம் வாங்கியவருக்கும் வெள்ளம் கிடைத்தது. இவர்களில் எவரும் தனித்துப் பார்த்தால் பெரும் குற்றம் செய்தவரல்லர். ஒவ்வொருவரும் தமது துண்டை மட்டும் பார்த்தனர். முழு வயல்வெளியையும் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

வெள்ளம் கணக்குக் கேட்ட ஆண்டுகள்

1992 யூன் 4 இல் கொழும்பில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை கொட்டியது. நகரம் நீரில் மூழ்கியது. 2010 நவம்பரில் பெய்த பெருமழையில் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. சதுப்பு நிலத்தின் நடுவே கட்டிய மாளிகையைச் சதுப்பு நிலத்தின் நீர் தேடி வந்தது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, கடுவெல, வெல்லம்பிட்டி பகுதிகளில் பல்லாயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது நாடே வெள்ளத்திலும் மண்சரிவிலும் கலங்கியது. அப்போதும் களனிக் கரையின் அதே தாழ்ந்த ஊர்கள் நீரில் நின்றன.

இன்னொரு துயரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். நகரம் விரிந்தால் குப்பையும் பெருகும். குப்பைக்கு இடம் தேடுவோர் மேட்டுக்குப் போவதில்லை. 'பயனற்ற' தாழ்நிலத்தையே தேடுவர். கொலன்னாவையிலுள்ள மீதொட்டமுல்லை என்ற தாழ்நிலத்தில் கொழும்பின் குப்பை மலையாகக் குவிக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, அந்த மலை சரிந்து பக்கத்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் அந்தக் குப்பையைக் கொட்டச் சொன்னவர்களல்லர். அதன் அருகே வாழ வேண்டியிருந்த எளிய மக்கள்.

இத்தனைக்கும் பிறகே சதுப்பு நிலத்தின் பெறுமதி உணரப்பட்டது. 2012 இல் தொடங்கிய பெருநகர் கொழும்பு நகர அபிவிருத்தித் திட்டத்தில் உலக வங்கியின் கடனைப் பெற்றுக் கால்வாய்கள் திருத்தப்பட்டன. எஞ்சிய ஈரநிலங்களைக் காக்கும் வேலையும் தொடங்கியது. பெத்தகான போன்ற இடங்களில் ஈரநிலப் பூங்காக்கள் அமைந்தன. 2018 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 'ஈரநில நகரம்' என்ற தகுதியைப் பெற்றது. இன்று அங்கு எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலமே. முன்பு இலவசமாக நடந்த வேலையைக் காப்பாற்ற இப்போது கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெல என்றொரு பெரிய சதுப்பு நிலம் உண்டு. சிங்களத்தில் 'வெல' என்றால் வயல்வெளி. முத்துப் போன்ற நெல் விளைந்த அரச வயல் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். வணிகப் போக்குவரத்துக்காக அந்நியர் ஆட்சியில் வெட்டப்பட்ட கால்வாய் வழியே கடல்நீர் ஏறி வயல் உவரானது என்பது அந்தப் பகுதியின் வரலாறு. உவரை வடிக்க ஆங்கிலேயர் வேறொரு கால்வாய் வெட்டியும் வயல் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் உவர் ஏறிய கிணறுகளைக் கண்ட எம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கெட்ட நிலத்தைத் திருத்துவது, கெடாமற் காப்பதிலும் பன்மடங்கு கடினம்.

சென்னையிலும் இதே கதை

இந்தியாவில் அகதிகளாய் இருந்து திரும்பியவர்கள் சென்னையை அறிவர். அங்கு 1920 களில் மாம்பலத்தின் நெடிய ஏரியை வடித்தே தியாகராய நகர் அமைக்கப்பட்டது. பின்னாளில் வீடமைப்புத் திட்டங்களுக்கே 'ஏரித் திட்டம்' என்று பெயர் வைக்கும் அளவுக்கு ஏரிகள் குடியிருப்புகளாயின. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாலும் குப்பை மேட்டாலும் சுருங்கியது. 2015 டிசெம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், அதே நகரத்து மக்கள் குடிநீர் லொறிக்காகக் குடத்துடன் வரிசையில் நின்றனர். மாரி நீரைத் தேக்க இடமில்லாத ஊருக்குக் கோடையில் நீர் இராது.

இது எமது மண்ணுக்கு எப்படிப் பொருந்தும்?

'விசுவமடு கொழும்பாகப் போகிறதா?' என்று சிலர் சிரிக்கலாம். கொழும்பின் அளவுக்கு நாம் வளரப்போவதில்லை. ஆனால் ஒரு வயல்வெளியைக் கெடுக்க மாநகரம் தேவையில்லை. வீதியோரத்தில் பத்துக் கடைகள் தவறான இடத்தில் எழுந்தால் போதும்.

விசுவமடு எப்படி உண்டானது என்பதை மூத்தவர்கள் அறிவர். படித்த வாலிபர் திட்டத்தின் கீழ் காடு வெட்டி வந்த இளைஞர்கள் இங்கு மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டனர். 1970 களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது அந்த மிளகாய்க்கு நல்ல விலை இருந்தது. 1977 இல் வந்த திறந்த பொருளாதாரம் வெளிநாட்டு மிளகாயைக் கொண்டுவந்து அந்த விலையை வீழ்த்தியது. கொழும்பின் வயல்களை வளவுகளாக்கியதும் விசுவமடுவின் மிளகாய்த் தோட்டத்தை நலித்ததும் ஒரே காலத்துக் கொள்கைதான். விளைச்சலுக்கு விலை இல்லாவிட்டால் காணிக்கு விலை பேச ஆள் வருவது எங்கும் நடப்பதே.

போருக்குப் பின் வீதி திருத்தப்பட்டது. வாகனம் கூடியது. வீதியோரக் காணிக்கு விலை ஏறியது. கடை வேண்டும், வங்கி வேண்டும், மருந்தகம் வேண்டும். இவற்றை நாம் எதிர்க்கவில்லை. எந்த நிலத்தில் என்பதே கேள்வி. எமது ஊர் குளத்தை நம்பி அமைந்தது. குளக்கட்டு, துருசு, வாய்க்கால், வயல், கழிவு வாய்க்கால், வீதி மதகு, அடுத்த குளம் என்று நீர் ஒரு வழியில் செல்கிறது. குளம் வான் பாயும்போது வரும் நீருக்கும் வழி வேண்டும். இந்த வழியில் ஒரு துண்டை நிரப்பினால், மேலுள்ளவருக்கு வெள்ளமும் கீழுள்ளவருக்கு வறட்சியும் உண்டாகும்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இன்றி வயற்காணியை நிரப்ப முடியாது. வயல் உங்களுடைய சொந்தக் காணியாக இருந்தாலும் இது பொருந்தும். மேலும் குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ வழங்கப்பட்டவை. அனுமதிப்பத்திரக் காணியை விற்க உரிமை இல்லை. அளிப்புக் காணியை விற்பதற்கும் பிரதேச செயலாளரின் முன் அனுமதி வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கைமாறினால் விற்றவருக்கும் பாதுகாப்பில்லை, வாங்கியவருக்கும் பாதுகாப்பில்லை.

2024 இல் அப்போதைய அரசு 'உறுமய' என்ற பெயரில், இத்தகைய காணிகளை முழு உரிமைக் காணிகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. முழு உரிமை கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் விற்கும் உரிமை கையில் வரும் நாளில் விலை பேசுபவரும் வாசலுக்கு வருவார். அதற்கு முன்னரே சிந்தித்து வைப்பது எமது கடமை.

கையொப்பமிட முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. மாரியில் இந்தக் காணிக்குள் நீர் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகிறது? மழை நாளில் நேரில் சென்று பாருங்கள்.

2. இதை நிரப்பினால் அந்த நீர் யாருடைய வயலுக்கு, யாருடைய முற்றத்துக்குப் போகும்? அவர்களிடம் பேசினீர்களா?

3. வாங்குபவர் விரும்பும் கடையை மேட்டுநிலத்தில் கட்ட முடியாதா? ஊரில் அதற்கேற்ற மேட்டுக்காணி இல்லையா?

4. காணி எந்தப் பத்திரத்தில் உள்ளது? பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் விசாரித்தீர்களா?

5. விற்காமல் குத்தகைக்குக் கொடுத்தோ, கூட்டுறவுச் சங்கத்தை நாடியோ கடனை அடைக்க வழி உண்டா?

6. விற்ற பணம் கடனுக்குப் போன பின், அடுத்த ஆண்டு சோற்றுக்கு நெல் எங்கிருந்து வரும்?

முடிவாக

அந்தக் குடும்பத்தினர் கார்த்திகை மழையில் அயல் வயற்காரர்களுடன் தமது காணியைப் போய்ப் பார்த்தனர். மேலுள்ள ஏழு வயல்களின் கழிவுநீர் முழுவதும் அவர்களது வயலின் ஓரத்தால் ஓடியே வீதி மதகைச் சேர்கிறது என்பதை அன்றுதான் கவனித்தனர். "இத்தனை வருசமும் இதால போய் வந்தனாங்கள், காணேல்லை" என்றார் அந்தத் தகப்பன். வாங்க வந்தவரிடம், சற்றுத் தள்ளி மேட்டில் உள்ள காணியைப் பார்க்கும்படி கூறியிருக்கின்றனர். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. கடனும் இன்னும் தீரவில்லை. கமக்காரர் அமைப்பு அவர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கத்துடன் பேசி வருகிறது. ஏழு வயற்காரருக்கும் இது தமது பிரச்சினை என்று இப்போது தெரிகிறது.

நாம் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது காணியை விட்டு ஓடியவர்கள். எறிகணைக்கு அஞ்சி விட்ட காணிக்குத் திரும்பி வர முடிந்தது. பிடித்து வைக்கப்பட்ட காணியை மீட்க வீதியில் இருந்து போராட முடிந்தது. எமது கையொப்பத்தால் போகும் காணிக்கு அந்த வழி இல்லை. ஆகவே, அந்தக் கையொப்பத்தை இடும் முன் ஒரு மாரி பார்த்திருப்போம்.

குழுவாகக் கலந்துரையாட

அ. உங்கள் குளத்திலிருந்து கடைசி வயல்வரை நீர் செல்லும் வழியைப் பெரியதொரு தாளில் வரையுங்கள். மூத்தவர்களையும் பெண்களையும் கேட்டு, முன்பு இருந்து இப்போது மறைந்த வாய்க்கால்களையும் மதகுகளையும் குறியுங்கள்.

ஆ. கடந்த பத்து ஆண்டுகளில் உங்கள் ஊரில் நிரப்பப்பட்ட வயல்கள் எவை? அதன்பின் எந்த வீடுகளில் புதிதாக வெள்ளம் புகுந்தது?

இ. உங்கள் ஊரின் குப்பை இப்போது எங்கே கொட்டப்படுகிறது? அந்த இடத்தின் நீர் எந்தக் கிணறுகளுக்குப் போகிறது?

ஈ. கடைகளும் புதிய வீடுகளும் அமையத்தக்க மேட்டுநிலங்கள் எவை? அவற்றைக் குறித்து, கமக்காரர் அமைப்பின் தீர்மானமாகப் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுங்கள்.